மெரூன் நிறப் பின்சீற்

ஏழு பேர் இருக்கவென்று கட்டிய என் வானில் இருபத்தேழு வருஷமாக நான்கு பேருக்குத்தான் இடம் இருந்தது. முன்னுக்கு இரண்டு, நடுவில் இரண்டு. அதற்குப் பின்னால் வெறும் தரை. மூன்று பேர் இருக்கும் பின்சீற்றைக் கொளுவுகிற குழிகள் மட்டும் அந்தத் தரையில் வாயைப் பிளந்தபடி கிடந்தன. பக்கச் சுவர்களில் இரண்டு சீற் பெல்ட்டுகள் தேடுவாரில்லாமல் தொங்கின. மொன்றியல் றோட்டுக் குழிகளில் சில்லு விழும்போதெல்லாம் அவை சுவரில் டக் டக்கென்று அடிக்கும். "பின்னால ஆரோ தட்டுகினம், திறந்து விடுங்கோ" என்பாள் மனைவி.

எனக்குப் பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் உயிர். இந்தப் பைத்தியம் எங்கே தொற்றியது என்று கேட்டால், சென்ட் லோரன்டில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் கார் தரிப்பிடத்தைத்தான் காட்டுவேன். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில், என்னோடு ஒரே மெஷினில் நின்ற கியூபெக்காரர் ஒருவர் பஸ் தரிப்பிடத்தில் நான் விறைத்துப்போய் நின்றதைக் கண்டு தன் காரில் ஏற்றினார். அந்தக் காரின் மூக்கு எங்கே முடிகிறது என்று உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. முன்சீற் ஒரே நீளம். மூன்று பேர் தோள் முட்டாமல் இருக்கலாம். ஹீட்டர் தடியைக் கையுறையைக் கழற்றாமலே ஒரு தள்ளுத் தள்ளினார். ஐந்தே நிமிஷத்தில் என் கால்விரல்களுக்கு உயிர் வந்தது. கனடாவில் என்னை முதன்முதலாகச் சூடாக்கிய சாமான் அந்தக் கார்தான். அடுத்த வருஷம் அதை அவரிடமே வாங்கினேன்.

அதற்குப் பிறகு என் வாசலில் நின்ற ஆறு வண்டிகளும் அந்த இனம்தான். எல்லாம் நீளம், எல்லாம் பாரம், எல்லாம் பெற்றோல் குடிக்கும் குடிகாரர்கள். ஆனாலும் நோயை ஒளிக்காத சாமான்கள். பெல்ட் தேய்ந்தால் கீச்சிடும், தண்ணீர் ஒழுகினால் வாசலில் கோலம் போட்டுக் காட்டும். புதுக் கார்களை நான் பழித்துப் பேசுவதில்லை என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், ஆகவே அவை சில்லுப் பூட்டிய ரெலிபோன்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று ஒரு பழமொழி உண்டு. என் மனைவி அதில் மூன்றாவதாக என் வானையும் சேர்த்துச் சொல்வாள். மாரியில் றோட்டில் கொட்டுகிற உப்புக்குத் துரு ஏறாமல் இருக்க, இலையுதிர் காலத்திலேயே வானின் அடியில் ஒயில் அடிப்பேன். அது ஒரு கிழமைக்கு வாசலில் சொட்டும். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்கும், பேச்சுக் கிடைக்காது.

இந்த வானை வாங்கியபோது அதற்கு ஏழெட்டு வயது. இரண்டு பக்கமும் மரப்பலகை மாதிரிக் கடதாசி ஒட்டியது. வலது பக்கத்தில் மட்டும் இழுவைக் கதவு. உள்ளே வெல்வெற் மாதிரியான மெரூன் துணி போட்ட சீற்றுகள். அதன் பெரிய சிறப்பே அந்தப் பின்சீற்தான். இரண்டு தடியை இழுத்தால் கொளுக்கி விடும், அடியில் இருக்கும் குட்டிச் சில்லுகளில் உருட்டி வெளியே எடுக்கலாம். உடனே குடும்ப வண்டி லொறியாகிவிடும்.

இந்த நகரத்தில் ஜூலை முதலாம் திகதி எல்லோரும் வீடு மாறுகிற நாள். அன்றைக்கு லொறி கிடைக்காது. கிடைத்தாலும் அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்குக் கட்டாது. அதனால் பங்குக் கோயிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் என்னைச் சுற்றி நிற்பார்கள். ஒரு ஜூலை முதலாம் திகதியில் நான்கு குடும்பங்களின் மெத்தைகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். மதியம் ஒரு வீட்டுப் படிக்கட்டில் இருந்து சோறு, பின்னேரம் இன்னொரு வீட்டுப் படிக்கட்டில் இருந்து தேத்தண்ணி. அந்தப் பெருமையை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். ஒரு வானின் பின்பக்கத்துக்குள் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் அடங்குகிறது என்று பார்க்க எனக்கு வியப்பாக இருக்கும்.

அப்படி ஒரு ஜூலையில்தான் அந்தக் குடும்பம் வந்தது. மன்னார்ப் பக்கத்து ஆட்கள். தாய், தகப்பன், எட்டு வயது மகள். நாட்டுக்கு வந்து மூன்று கிழமைதான். சென்ட் லோரன்டில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். அவர்களின் சாமான்களை ஏற்ற என் வானே தேவைப்படவில்லை. இரண்டு சூட்கேசும் ஒரு சோறு சமைக்கும் சட்டியும்தான். உள்ளே போய்ப் பார்த்தால் இருக்க ஒரு கதிரைகூட இல்லை. நான் கீழே இறங்கி, வானில் இருந்து பின்சீற்றைக் கழற்றி, தகப்பனும் நானுமாக வெளிப்படியால் மூச்சு வாங்க வாங்க மேலே தூக்கி, சன்னலோரம் வைத்தேன். "இதை வைச்சிருங்கோ, பேந்து பாப்பம்" என்றேன். அந்த மூன்று பேரும் அதில் வரிசையாக இருந்து என்னைப் பார்த்தார்கள். ஓடாத வானில் எங்கேயோ போகிறவர்கள் போல இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு அவர்களை எங்கே கண்டாலும் என் முதல் கேள்வி, "என்ர சீற் சுகமோ?" என்பதுதான். பிறத்தியாரைச் சீண்டாமல் என் வாய் சும்மா இருக்காது. அந்தக் கேள்வியை பூசை முடிந்து வாசலில் நாலு பேருக்கு நடுவிலும் கேட்பேன், கடையில் மீன் வெட்டுகிற இடத்திலும் கேட்பேன். தகப்பன் சிரிப்பார். சில மாதம் போக, அவர் சிரித்தபடி கொஞ்சம் வேகமாக நடப்பதைக் கண்டேன். பிறகு அவர்கள் முந்திய பூசைக்குப் போகத் தொடங்கினார்கள். நாங்கள் பிந்திய பூசைக்காரர்.

அடுத்த ஜூலையில் அவர்கள் வீடு மாறினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. காசு கொடுத்து வேறு யாருடைய லொறியையோ பிடித்தார்களாம். அதற்கு அடுத்த முறையும் அப்படியே. எனக்குச் சுருக்கென்று தைத்தது. கதிரை இல்லாத வீட்டில் இருக்கை கொடுத்தவன் நான், இப்போது என் வான் அவர்களுக்கு நாறுகிறதோ என்று மனைவியிடம் பொரிந்தேன். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற கூட்டம் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். சீற்றைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்ததைக் கேட்பது எங்கள் வழக்கம் இல்லை. அவர்களாகத் தரட்டும் என்று இருந்தேன். ஒரு வருஷம் போனது, பிறகு பத்து வருஷம் போனது. அவர்கள் லொங்குய்யில் வீடு வாங்கிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன் அந்தத் தகப்பன் இறந்துபோனார். தை மாதம், கடும் குளிர். இறுதிப் பூசைக்குப் போனேன். ஆனால் கடைசி வாங்கில் நின்றேன். பூசை முடிந்து எல்லோரும் அந்தத் தாயிடமும் மகளிடமும் கை கொடுக்க வரிசையாகப் போனபோது, பக்கத்தில் நின்றவரிடம் "காரைச் சூடாக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வானுக்குள் இருந்து எஞ்சினைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வானுக்கு வயது ஏற ஏற, அது கார்ப் பைத்தியங்களின் கண்ணில் மதிப்புப் பெறத் தொடங்கியது. கோடையில் வியாழக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் பழைய கார்க்காரர் கூடுவோம். எல்லோரும் மினுக்கின வண்டிகளின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, மடக்குக் கதிரையில் இருந்து மற்றவர் எஞ்சினைக் குறை சொல்வோம். பிரெஞ்சு எனக்கு இன்றைக்கும் நொண்டும். ஆனால் அங்கே வருகிற கியூபெக்காரர்கள் பம்பர், மப்ளர், பிரேக், விண்ட்ஷீல்ட் என்று எங்கள் ஆட்கள் சொல்கிற மாதிரியே சொல்வார்கள். மிச்சத்தைக் கையால் பேசிக்கொள்ளலாம். அவர்கள் என் வானைச் சுற்றி வந்து, மரக் கடதாசியைத் தடவி, பின்கதவைத் திறந்ததும் முகம் விழுந்துபோகும். சீற் எங்கே என்று கேட்பார்கள். நான் தோளைக் குலுக்குவேன்.

தேடாத இடம் இல்லை. பழைய கார்களைக் கழற்றி விற்கிற யார்டுகளில் வெயிலிலும் சேற்றிலும் நடந்திருக்கிறேன். சாம்பல் நிறச் சீற் கிடைத்தது, நீலம் கிடைத்தது, மெரூன் கிடைக்கவில்லை. ஒரு யார்டுக்காரக் கிழவர் கடைசியில் என்மேல் இரக்கப்பட்டு விளக்கம் சொன்னார். அந்தச் சீற்றுகள் வானோடு யார்டுக்கு வருவதே இல்லையாம். எல்லாவற்றையும் ஆட்கள் முன்னமே கழற்றி, காட்டுக்குள் இருக்கும் வேட்டைக் குடில்களில் சோபாவாகப் போட்டிருப்பார்களாம். உன்னுடையதிலும் யாரோ காலை நீட்டிப் படுத்திருப்பார்கள் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்னுடையதில் யார் படுத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன ஜூன் மாதக் கடைசியில் மனைவி கோயிலில் இருந்து செய்தி கொண்டுவந்தாள். அந்தத் தாய் லொங்குய் வீட்டை விற்றுவிட்டாராம். ஜூலை முதலாம் திகதி சாவி கொடுக்கவேண்டுமாம். ஒட்டாவாவில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார். வீட்டுச் சாமான்களை எல்லாம் வீதியில் எடுத்து வைக்கிறார்களாம். இன்னும் நான்கு நாள்.

நான் முதல் இரண்டு நாளும் வானைக் கழுவினேன், பிறகு மெழுகு போட்டேன், பிறகு சும்மா சுற்றி வந்தேன். சீற் அங்கே இருக்குமோ தெரியாது; இருபத்தேழு வருஷத்தில் எந்தச் சாமான் மிஞ்சும்? இருந்தால், வீதியில் வைத்த அன்றே குப்பை லொறி நசித்துவிடும், வான் கடைசிவரை குறையாகவே நிற்கும். ஆனால் கேட்பது எப்படி? செத்த வீட்டில் கை கொடுக்காமல் போனவன், வீடு விற்கிற நேரம் பார்த்துப் பழைய சீற் கேட்டு வந்து நிற்பதா? மனைவி வாசலுக்கு வந்தாள்.

"உங்களுக்குச் சீற் வேணாம்," என்றாள். "அவை வந்து பிழை எண்டு சொல்லவேணும். அதுதான் வேணும். அது கிடையாது. சீற் வேணுமெண்டா ரெலிபோனை எடுங்கோ."

எடுத்தேன். மறுபக்கத்தில் அந்தத் தாய் என் குரலை உடனே அடையாளம் கண்டார். நான் சீற்றைப் பற்றி வாய் திறக்க முன்னமே, "நாளைக்கு வானைக் கொண்டு வாங்கோ அண்ணை" என்றார்.

எங்கள் வீடு இருக்கும் ரொக்ஸ்பரோவில் இருந்து லொங்குய்க்கு, றோட்டு வேலைக்கு வைத்த செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே ஊர்ந்து, ஆற்றைக் கடந்து போக ஒன்றரை மணி நேரம் எடுத்தது. சின்ன பங்களா வீடு. வாசலில் பெட்டிகள் அடுக்கி இருந்தன. வீதியோரத்தில் ஒரு மேசை, உடைந்த அலுமாரி. அவற்றில் மெரூன் எதுவும் இல்லை என்று கண் முதலில் பார்த்துக்கொண்டது. மகள் கதவைத் திறந்தாள். அன்றைக்கு எட்டு வயது, இன்றைக்கு என்னைவிட உயரம். "வாங்கோ அங்கிள்" என்று நேராகக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனாள்.

கீழே எல்லாம் வெறுமை. ஒரு மூலையில் வெள்ளைப் படுக்கைவிரிப்பால் மூடி ஒன்று இருந்தது. தாய் போய் விரிப்பை எடுத்தார். என் சீற். துணி கொஞ்சம் வெளிறி இருந்தது, மற்றப்படி என் வானின் நடுச்சீற்றைவிட நல்லாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கொளுக்கிகளில் துருவே இல்லை. கிறீஸ் பூசியிருந்தது. நடுவில், ஒருவர் இருக்கும் இடத்தில், சதுரமாக வெட்டிய மெரூன் துணி ஒன்றை நாலு ஊசியால் குத்தி வைத்திருந்தார்கள். தாய் ஒவ்வொரு ஊசியாகக் கழற்றினார். அதற்கு அடியில் அயன்பெட்டியின் உருவம் அப்படியே பதிந்து கருகிக் கிடந்தது.

நாட்டுக்கு வந்து இரண்டாவது மாதம், மேசை இல்லாததால் மகள் அந்தச் சீற்றின் மேல் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டையை அயன் பண்ணியிருக்கிறாள்.

"அண்டையில இருந்து இவருக்கு நித்திரை இல்லை," என்றார் தாய். "இரவல் சாமானை எரிச்சுப்போட்டம் எண்டு. நீங்கள் காணுற இடமெல்லாம் சீற் சுகமோ எண்டு கேட்டனியள். திருப்பிக் கேக்கிறியள் எண்டு நினைச்சம். எரிஞ்சதைக் குடுக்க ஏலாது, துணி மாத்தித்தான் குடுக்கவேணும் எண்டு இவர் நிண்டிட்டார்."

நான் அந்தச் சீற்றின் ஓரத்தில் இருந்துவிட்டேன். நான் கொடுத்தது என்று நினைத்ததை அவர்கள் இரவல் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு பார்ப்போம் என்ற அர்த்தத்தில் நான் சொன்ன "பேந்து பாப்பம்" என்ற ஒரு சொல்லை இருபத்தேழு வருஷம் காவல் காத்திருக்கிறார்கள். ஐந்து வீடு மாறினார்களாம். ஒவ்வொரு ஜூலையும் வளைந்த வெளிப்படிகளில் இந்தப் பாரத்தை ஏற்றி இறக்கினார்களாம். என் வானைக் கூப்பிடாமல் காசு கொடுத்து லொறி பிடித்தது, அந்தக் கருகலை நான் கண்டுவிடக்கூடாது என்பதற்காக. நான் நன்றி கெட்ட கூட்டம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொரு மனுஷனைக் கெடுத்திருக்கிறேன்.

மகள் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திறந்தேன். மெரூன் துணித் துண்டுகள், பதினைந்து இருபது இருக்கும். ஒவ்வொன்றிலும் கடையின் துண்டுச்சீட்டுக் குத்தியிருந்தது. ஒன்று கொஞ்சம் சிவப்புக் கூட, ஒன்று ஊதா ஓடியது, ஒன்றில் நிறம் சரி, மயிர் குட்டை. சனிக்கிழமைகளில் அந்த மனுஷன் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். நான் யார்டு யார்டாக அலைந்த அதே வருஷங்களில். ஒரு தடவைகூட நாங்கள் ஒரே வீதியில் முட்டிக்கொள்ளவில்லை.

"தைக்கவும் விடேல்லை," என்றார் தாய். "சரியான துணி கிடைக்கிறதுக்குள்ள ஊசி ஓட்டை விழுந்திடும் எண்டு."

மூன்று பேருமாகச் சீற்றை மேலே தூக்கினோம். வானின் தரைக் குழிகளைத் துடைத்து, சீற்றை உருட்டி உள்ளே விட்டேன். நான்கு கொளுக்கியும் ஒரே தட்டில் விழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்க நான் எத்தனை கோடை காத்திருந்தேன், கேட்டபோது சந்தோஷத்தைவிட அழுகைதான் முன்னுக்கு வந்தது. பின்கதவைச் சாத்தப் போனேன். தாய் கையைக் காட்டி மறித்தார்.

"நில்லுங்கோ. இரவல் வாங்கினதை வெறுமனே திருப்பிக் குடுக்கக்கூடாது."

உள்ளே போய், பழைய ஐஸ்கிரீம் வாளி ஒன்றில் நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தார். காலையில் இருந்து சுட்டிருக்கிறார். வாளி இன்னும் சூடாக இருந்தது. எங்கள் வீடுகளில் ஒரு சுண்டு அரிசி கடன் வாங்கின பாத்திரத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. வாளியைச் சீற்றின் நடுவில், கருகின இடத்தின் மேல் வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். மகளைப் பார்த்தார். "அக்காவையும் கண்டு கனகாலம்" என்று என் மனைவியை நினைத்துச் சொல்லிக்கொண்டு, வாளிக்கு ஒரு பக்கத்தில் தான் ஏறி இருந்தார். மகள் சிரித்துக்கொண்டு மற்றப் பக்கத்தில் ஏறினாள். சுவரில் தொங்கின பெல்ட் இரண்டையும் இழுத்துக் கொளுவினார்கள்.

பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. கண்ணாடியில் இரண்டு முகங்களும் தெரிந்தன. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது. கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வந்தது.

"தங்கச்சி, அவற்ர பூசையண்டு நான் பின்னுக்கு நிண்டனான். கிட்ட வந்திருக்கவேணும். வரேல்லை. பிழை என்ர."

"கண்டனான் அண்ணை. காரைச் சூடாக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனியளாம்." ஆற்றின் பக்கம் திரும்பினார். பிறகு, "உங்கட கார் சூடாக நாலு வருஷம் எடுத்திட்டுது" என்றார்.

மகள்தான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்தேன், பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கிறவரை வானை எடுக்க மறந்துபோனேன். பாலம் முடிகிற இடத்தில் சில்லு ஒரு பெரிய குழியில் விழுந்தது. பழக்கத்தில் காதைக் கொடுத்தேன். பின்னால் எதுவும் தட்டவில்லை.

ரொக்ஸ்பரோவில் வானின் சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு வந்தாள். இழுவைக் கதவைத் திறந்தாள். அவர்களை வீட்டுக்குள் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். அவள் வானுக்குள் ஏறி, பின்னுக்குப் போய், வாளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த அயன்பெட்டி அடையாளத்தின் மேல் நடுவில் இருந்தாள். தாயின் கையைப் பிடித்தாள். பணியாரத்தில் ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள்.

மூன்று பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் இறங்குவதாக இல்லை. நான் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்சீற்றில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.